டப்ளினில் ஒரு ட்ரூயிட்

கரண்டியைத் தட்டில் வைத்தார். தலையை இடமிருந்து வலமாக ஒருமுறை அசைத்தார். தீர்ப்பு முடிந்தது. கூடத்தில் இருந்த நான்கு குடும்பங்களும் மறுபடி சாப்பிடத் தொடங்கின.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. ட்ரூயிட். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பிரான்சிலும் பழங்காலத்தில் வாழ்ந்த கெல்ட் மக்களுக்குப் பூசாரி, நீதிபதி, வாத்தியார் எல்லாமே ட்ரூயிட்கள்தான். எல்லைத் தகராறா, கொலையா, எந்த நாளில் பலி கொடுப்பது, எதுவானாலும் அவர்கள் வாயைத்தான் பார்க்க வேண்டும். போருக்குப் போக வேண்டாம், வரி கட்ட வேண்டாம். சிலர் இருபது வருடம் படித்தார்களாம். ஆனால் படித்ததை எழுதிவைப்பது தகாது. எல்லாம் மனப்பாடம். ரோமானியர்கள் அவர்களை ஒழித்துவிட்டதாகச் சொல்வார்கள். கலிபோர்னியாவில் டப்ளின் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர்கள் அங்கே வந்து பார்க்கட்டும்.

டப்ளின் ட்ரூயிட்டின் பெயர் வெள்ளியங்கிரி. கோபிசெட்டிபாளையத்துக்காரர். சாஃப்ட்வேர் வேலை உண்டு, ஆனால் அது உபதொழில். யார் எப்போது வேலை மாறலாம், எந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு வாங்கலாம், தலைவாசல் தெற்குப் பார்த்தால் யாருக்கு ஆகாது, க்ரீன் கார்டுக்குக் காத்திருக்கும்போது எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதையெல்லாம் கேட்டவுடன் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். சனிக்கிழமை விருந்துக்கு எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். இவர் கையை வீசிக்கொண்டு வருவார். நாற்காலி மடிக்கமாட்டார். வரிவிலக்கு. லாயரைக் கேட்கலாமே என்கிறீர்களா? லாயர் எழுதித் தருகிறவர். எழுதித் தருகிறவரை எப்படி நம்புவது?

அன்றைக்கு வழக்கு பிரீத்தியுடையது. ஈரோட்டில் அவள் அப்பாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை பைபாஸ் ஆபரேஷன். போவதில் சிக்கல் இல்லை. திரும்புவதற்கு முன் அங்கே பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வாங்க வேண்டும். அதற்கு எப்போது தேதி கிடைக்கும் என்று தெரியாது. அவள் போகலாமா என்று அவளும் கணவன் ரஞ்சித்குமாரும் கேட்டார்கள். தலையசைத்தது போக, ட்ரூயிட் காரணமும் சொன்னார்.

"இப்பப் போனீன்னா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவ அம்மிணி. டெக்சாஸ்ல, ரிச்சர்ட்சன்ல ஒரு பையன், இப்படித்தான் அப்பாவுக்கு ஆபரேஷன்னு போனான். வேலை போச்சு. பொண்டாட்டி ஒத்தையில வீட்டை வித்தா. நீ வீடியோ கால்ல பாத்துக்க."

பிரீத்தி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பையன் பேரு என்னங்க அங்கிள்?"

கெல்ட் வரலாற்றில் இப்படி யாராவது கேட்டதாகக் குறிப்பு இல்லை.

"பேரு எதுக்கு கண்ணு?"

"போன் பண்ணிக் கேக்கலாம்னுதானுங்க. அவங்கப்பா என்ன ஆனாருன்னு."

மனப்பாடத்தில் அந்த இடம் இல்லை. வெள்ளியங்கிரி தண்ணீர் குடித்தார். "உன்ற இஷ்டம்" என்றார்.

ட்ரூயிட்டின் தீர்ப்பை மீறினால் தலையை வெட்டமாட்டார்கள். பலிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் எதிரே பார்த்தால் ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள். அதைவிடப் பெரிய தண்டனை அவர்களிடம் கிடையாது. டப்ளினில் பலி இல்லை, வாட்ஸ்அப் குழு உண்டு. கார் ஏறும்போதே ரஞ்சித்குமார் பெயர் அடுத்த சனிக்கிழமை விருந்துக் குழுவில் இல்லை.

அங்கிளை முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டாம் என்றான் அவன். அவள் வீடு வருவதற்குள் போனிலேயே டிக்கெட் போட்டுவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரஞ்சித்குமார் அவளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு ஃப்ரீவேயில் திரும்பினான். வழியில் மூன்று போன். மாமனார் எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேர் ஏன் விட்டாய் என்றார்கள். மூன்றாமவர், அவள் இனி இந்த வருடம் திரும்ப முடியாது என்றார். எப்படித் தெரியும் என்று ரஞ்சித்குமார் கேட்டான். தெரியும் என்றார். குரல் உங்களுடையது போல இருந்தது.