பின்னாடி டிஸ்க் போட்ட காரும் திரும்பிப் போன சீரும்

ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வேலை. காரோட பின்பக்க ஆக்ஸிலைக் கழட்டிட்டு, டிஸ்க் பிரேக் வச்ச ஆக்ஸிலை மாட்டணும். சாயங்காலம் கெலமங்கலத்துல மச்சானுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு வீட்டுக்கு சீர்த்தட்டு எல்லாம் நம்ம கார்லதான் போகணும்.

இதுல என்ன கஷ்டம்னு கேக்குறீங்களா? நானும் அப்படித்தான் கேட்டேன்.

கார் நல்ல கார். பெங்களூர்ல ஒருத்தர் ஆசையா வாங்கி, அலுத்துப் போய் வித்த டர்போ வண்டி. மிதிச்சா பறக்கும். அதை வச்சுக்கிட்டு நான் மூக்கண்டப்பள்ளியிலேருந்து கம்பெனி கேட் வரைக்கும் லாரிக்குப் பின்னாடி ஊர்ந்து போறேன். மூணாவது கியரைத் தாண்டினதே கிடையாது!

ஆனா வாட்ஸாப்புல ஒரு கார் குரூப் இருக்கு. அங்க ஒருத்தன் கேட்டான், "இவ்ளோ பவர் உள்ள வண்டிக்குப் பின்னாடி டிரம் பிரேக்கா? அசிங்கம் ப்ரோ!"

அந்த குரூப்புல முக்காவாசிப் பேருக்குக் காரே கிடையாது. பஸ்ல உக்காந்துக்கிட்டு அடுத்தவன் காருக்கு அட்வைஸ் பண்ற கோஷ்டி. அவங்க பேச்சைக் கேட்டுக் கிளம்பினவன் எப்பேர்ப்பட்ட அறிவாளின்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

பெங்களூர்ல பழைய பார்ட்ஸ் கடையில, அடிபட்டு வந்த மேல் மாடல் கார் ஒன்னுலேருந்து பின் ஆக்ஸிலை டிஸ்க்கோட முழுசா அள்ளிட்டு வந்தேன்.

வீட்டுக்காரி கலா பார்த்தா. "மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்."

"மெக்கானிக்குக்கு என்ன தெரியும்? நாங்க கம்பெனியில எத்தனை ஸ்கூட்டர் பண்றோம் தெரியுமா?"

"நீங்க மாட்டுறது ஹாரன் மட்டும்தானே?"

"ஹாரனும் ஸ்விட்சும்"னு திருத்தினேன். மானம் முக்கியம் இல்லையா!

என் லைன்ல வேலை பார்க்குற ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தன் செந்தில், திருநெல்வேலிக்காரன். கம்பெனியில சக்கரம் மாட்டுறவன். இன்னொருத்தன் மஞ்சுநாத், உள்ளூர்க்காரன். பிரேக் ஆயில் ஊத்துறவன். ஆளுக்கு ஒரு ஸ்டேஷன். வண்டி முன்னாடி வந்து நிக்கும், நம்ம வேலையை முடிச்சா நகர்ந்து போயிடும். அடுத்தவன் என்ன பண்றான்னு எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம். மூணு பேரும் சேர்ந்தாலும் ஒரு ஸ்கூட்டர் முழுசா பண்ணத் தெரியாது. இந்த உண்மை அன்னைக்குக் காலையில ஒருத்தனுக்கும் தோணல.

செந்தில்தான் ஐடியா குடுத்தான். "ஏல, லைன் மாதிரியே பிரிச்சுக்கிடுவோம். ஆக்ஸிலும் போல்ட்டும் எனக்கு. பைப்பும் ஆயிலும் மஞ்சுவுக்கு. கடைசி செக்கிங் நீ பாரு."

ஆஹா, என்ன ஒரு திட்டம்! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

பழைய போல்ட்டு துருப்பிடிச்சு வர மாட்டேன்னுச்சு. அதுக்கே மத்தியானம் ஆயிடுச்சு. ஹேண்ட்பிரேக் கேபிள் ரெண்டும் குறுக்க தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வேலைக்கு இடைஞ்சலா இருக்குன்னு செந்தில் அதை ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு மேல கட்டிட்டான். புது ஆக்ஸிலை ஏத்தி, போல்ட்டை எல்லாம் முறுக்கி, கம்பெனி வழக்கப்படி ஒவ்வொன்னு மேலயும் மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டான். கோடு இருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

அடுத்து மஞ்சுநாத் பைப்பை மாட்டி, ஆயில் ஊத்தி, பைப்புக்குள்ள இருக்குற காத்தை எடுக்கணும்னான். அதுக்கு ஒரு ஆள் உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விடணும். கலா பட்டுப்புடவை கட்டி, தலையில பூ வச்சு, ரெடியா நின்னுக்கிட்டு இருந்தா. அவளையே உக்கார வச்சேன்.

"அமுக்கு! விடு! அமுக்கு! அப்படியே வச்சுக்கோ!"

"எதுக்கு அமுக்குறோம்னாவது சொல்லுங்க."

"சொன்னா உனக்குப் புரியாது."

எனக்கும் புரியாதுங்கிறதை அவகிட்ட சொல்லல.

மஞ்சுநாத் அவன் பங்குக்கு ரெண்டு மஞ்சள் கோடு போட்டு, "ஆயித்து குரு, முடிஞ்சது!"ன்னு கையைத் துடைச்சான். நான் செக்கிங். டார்ச் அடிச்சு ஒவ்வொரு மஞ்சள் கோடா எண்ணினேன். கோடு எல்லாம் சரியா இருந்துச்சு. பாஸ்!

தெருவுல ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதிச்சா நங்குன்னு நிக்குது! ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். லிவர் வெண்ணெய் மாதிரி மேல வந்துச்சு. "பார்த்தியா, என்ன ஸ்மூத்து!"ன்னு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன்.

இந்த ஒரு சபாஷுக்கே என்னை வேலையை விட்டுத் தூக்கியிருக்கணும்.

சாயங்காலம் சீர்த்தட்டு, மாமனார், மாமியார், கலா எல்லாரையும் ஏத்திக்கிட்டு கெலமங்கலம் போய்ச் சேர்ந்தேன். மச்சான் சொந்தக்காரங்களோட வேன்ல முன்னாடியே வந்துட்டான். விருந்துக்குன்னு செந்திலும் மஞ்சுநாத்தும் பைக்ல ஆஜர்.

பொண்ணு வீடு மேட்டுத் தெரு. வாசல் முன்னாடியே காரை ஏத்தி நிறுத்தினேன். மாமனார் சூளகிரி பக்கம் விவசாயம் பண்றவர். டிராக்டர் தவிர எதையும் நம்ப மாட்டார். "மாப்ளே, மேடா கீதே, கியர்ல போட்டு நிறுத்துங்க"ன்னார்.

"அதெல்லாம் பழைய வண்டிக்கு மாமா. இப்ப பின்னாடி டிஸ்க்கு!"

நியூட்ரல்ல விட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு, ஸ்டைலா இறங்கினேன். பின் டயர் ஒரு சின்னப் பள்ளத்துல உக்காந்திருந்ததால வண்டி நின்னுச்சு. டிஸ்க்காலதான் நிக்குதுன்னு நான் நினைச்சேன்.

மேளம் ஆரம்பிச்சாச்சு. பொண்ணோட பெரியப்பா ஆளுங்களோட வாசல்ல நின்னு வரவேற்கிறார். மாமியார் பின் கதவைத் திறந்து, வெத்தலை பாக்குத் தட்டை மட்டும் எடுத்துக்கிட்டு, கதவை ஓங்கிச் சாத்தினாங்க. மத்த தட்டை அப்புறம் இறக்கலாம்னு நான் உடனே ரிமோட்ல பூட்டினேன்.

அந்த ஒரு அடி போதும். பள்ளத்தை விட்டு டயர் ஏறிடுச்சு.

"அண்ணா, உங்க கார் போவுது!"ன்னு யாரோ கத்தினாங்க.

"யார் ஓட்டுறா?"

"யாருமே இல்லைங்கோ!"

புடவை, பழம், பூ, இனிப்பு, மோதிரம்னு அத்தனை சீரையும் சுமந்துக்கிட்டு, பொண்ணு வீட்டு வாசலைப் பார்த்தபடியே கார் பின்னாடியே இறங்கிப் போகுது! மேளக்காரர் விடாம வாசிக்கிறார். நான் ஒரு செருப்பை விட்டுட்டு, இன்னொன்னைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறேன். கதவைப் பிடிக்கப் போனா பூட்டியிருக்கு. நானே ரிமோட்ல பூட்டினதுதான். இதுல மட்டும் என்னை மாதிரி பொறுப்பானவன் கிடையாது!

நல்லவேளை, தெருவுல யாரும் குறுக்க வரல. தெருக்கோடியில மாட்டுக்குப் போட்டிருந்த ராகி வைக்கப்போருக்குள்ள போய் மெத்துனு செருகி நின்னுச்சு. மேளம் அப்பத்தான் நின்னுச்சு.

பெரியப்பா முகம் கறுத்துப் போச்சு. "வாசல் வரைக்கும் வந்த சீர் திரும்பிப் போனா என்னாங்க அர்த்தம்? இது நல்லதுக்கில்லைங்க. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

பந்தல்ல ஒரே முணுமுணுப்பு. கன்னடத்துல ஒருத்தர், தெலுங்குல ஒருத்தர், தமிழ்ல பத்துப் பேர். மூணு பாஷையிலயும் என்னைத்தான் திட்டினாங்க. மச்சான் அழுதுடுவான் போல இருந்தான். ரெண்டு வருஷமா காத்திருந்து சம்மதம் வாங்கின பொண்ணு. ஒரு நல்ல காரியத்தை ஒரு பிரேக்கால கெடுத்துட்டேனேன்னு நிஜமாவே அவமானமா இருந்துச்சு.

வைக்கப்போருக்குள்ள குனிஞ்சு பார்த்தோம். ஹேண்ட்பிரேக் கேபிள் ரெண்டும் டேக் போட்டபடி அழகா மேலயே இருக்கு, சக்கரத்துப் பக்கம் மாட்டவே இல்லை.

"கேபிள் பிரேக்கோட சேர்ந்தது. மஞ்சு வேலைலா?"ன்னான் செந்தில்.

"கட்டினவன் நீ. நான் ஆயில் மட்டும் குரு"ன்னான் மஞ்சுநாத்.

ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தாங்க. நானும் பின்னாடி திரும்பிப் பார்த்தேன். எனக்கு அப்புறம் ஸ்டேஷனே இல்லை!

கலாதான் சாவியைப் பிடுங்கினா. தட்டையெல்லாம் இறக்கி, பூவுல ஒட்டின வைக்கலைத் தட்டி, நேரா பெரியப்பா முன்னாடி போய் நின்னா.

"பெரியப்பா, சீர் திரும்பலைங்க. கார்தான் திரும்புச்சு. அந்தக் கார் மாப்ளை வீட்டுது கிடையாது. அது இவரோடது. இவருக்கும் எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

பெரியப்பா என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். தலையில வைக்கல், கையில ஒத்தைச் செருப்பு.

"அது பார்த்தாலே தெரியுதும்மா"ன்னு ஒத்துக்கிட்டார்.

இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கணுமா?

சீர்த்தட்டை எல்லாரும் கையில தூக்கிக்கிட்டு மேடு ஏறிப் போனாங்க. தட்டு மாத்தினாங்க, தேதி குறிச்சாங்க. கடைசியில பெரியப்பா மாமனார்கிட்ட, "எங்களுக்கு நகை, நட்டுன்னு எந்தப் பேச்சும் வேணாங்க. ஒரே ஒரு கண்டிஷன்"னார்.

கார் வேணும்னு கேட்டு நின்னு போன கல்யாணம் ஊர்ல எத்தனையோ இருக்கு. கார் வரவே கூடாதுன்னு பேசி முடிச்ச கல்யாணம் எங்க வீட்டுது ஒன்னுதான்.