பேண்ட் போட்ட புடலங்காய்

கூச்சமும் பரபரப்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. கூச்சம் மட்டும் இருந்தால் மூலையில் உட்கார்ந்து காலத்தை ஓட்டிவிடலாம். பரபரப்பு மட்டும் இருந்தால் நாலு பேரைக் கேட்டுவிட்டு வேலையில் இறங்கலாம். எனக்கு இரண்டும் உண்டு. கை சும்மா இருக்காது, வாய் யாரையும் கேட்காது.

அப்போது கீழே மகன் செந்திலின் பனியன் கம்பெனி, நடுவில் நாங்கள், மொட்டை மாடியில் என் தோட்டம். (தோட்டம் என்றால் ஓட்டை பக்கெட்டில் கத்தரி, உடைந்த தொட்டியில் கீரை. கம்பெனியும் ஏறக்குறைய அந்த அளவுதான்.) சாயத் தண்ணீர் ஓடுகிற ஊரில் வாய்க்குப் போகிற காயையாவது நாமே விளைவிப்போம் என்று தொடங்கியது. காலையில் பார்த்த பிஞ்சு மத்தியானத்துக்குள் என்ன வளர்ந்துவிடும்? ஆனாலும் படியேறிப் போய்ப் பார்ப்பேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் போவேன்.

பந்தலில் புடலை விட்டிருந்தேன். காய் வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டுவோம் இல்லையா, அதற்குக் கம்பெனி வெட்டுத்துணி. ஈ குத்தாமல் இருக்க உறை வேண்டும், அதற்கு டேமேஜ் ஆன குழந்தைச் சட்டைகளின் கை. மருமகள் கவிதா ஒருநாள் துணி காயப்போட வந்தவள், "அத்தை, நம்மூட்டுப் பிள்ளைகளை விட இதுக நல்லா உடுத்தியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு கணுவில் இரண்டு பிஞ்சு ஒட்டினாற்போல் இறங்கின. தனித்தனி உறை மாட்ட முடியவில்லை. என்ன செய்யலாம் என்று கீழே போய்ச் சுற்றியபோது, கட்டிங் டேபிள் ஓரத்தில் நீலக் கோடு போட்ட குழந்தை லெக்கிங்ஸ் ஒன்று தனியாகக் கிடந்தது. இடுப்பில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் இங்கிலீஷ் எழுத்து, கையெழுத்து, வட்டமாக ஒரு சீல். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் தமிழை எழுத்துக் கூட்டித்தான். என் கணக்கு இதுதான்: செக்கிங் பெண்கள் ஓட்டை இருக்கிற இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இவ்வளவு பெரிய அட்டை கட்டியிருந்தால் எவ்வளவு பெரிய டேமேஜாக இருக்கும்!

கட்டிங் மாஸ்டர் அங்கேயேதான் நின்றார். கேட்டிருக்கலாம். புது ஆள் என்று கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. (வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.) முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

ஒரு காலுக்கு ஒரு பிஞ்சு. இடுப்பு தொளதொளவென்று இருந்ததால் அதை உள்பக்கமாக மடித்து மடித்துக் காம்போடு சேர்த்துக் கட்டினேன். அட்டை காற்றில் ஆடினால் மைனா வராது என்று அதையும் விட்டுவைத்தேன். தள்ளி நின்று பார்த்தால், இடுப்புக்கு மேலே காணாமல் போன ஒரு குழந்தை காலில் கல்லைக் கட்டிக்கொண்டு தொங்குகிற மாதிரி இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு வாரம் போயிருக்கும். அதுவரை அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த செந்திலுக்கு அது முதல் சொந்த ஆர்டர். சரக்கைப் பரிசோதிக்க, அதை வாங்குகிற பையர் ஆபீஸிலிருந்து ஒரு தம்பி வந்தார். அன்று அவர் பாஸ் பண்ணாவிட்டால் பெட்டிகள் கிளம்பாது. அடுத்த ஆர்டரும் வராது. மகன் மறுபடி கூலிக்குத் தைக்கப் போக வேண்டியதுதான். வந்தவர் முதலில் கேட்டது அப்ரூவல் சாம்பிளை, அதாவது இதே மாதிரி தைத்தால் போதும் என்று பார்ட்டி ஒப்புக்கொண்டு கொடுத்த பீஸை.

நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். "பார்ட்டி கையெழுத்துப் போட்டு சீல் வெச்ச அட்டை கட்டியிருந்ததுங்க மாஸ்டர், நீலக் கோடு லெக்கிங்ஸு, இங்கதான வெச்சேன்?" என்ற செந்திலின் குரல் மட்டும் காதில் விழுந்தது.

மாடிக்கு ஓடினேன். காய்கள் நன்றாகப் பெருத்து, துணி தோலோடு தோலாகப் பிடித்திருந்தது. இழுத்தேன், வரவில்லை. சொல்லிவிடலாம் என்று கீழே ஓடினேன். அத்தனை ஆண்களைப் பார்த்ததும் மேலே ஓடினேன். இப்படி ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியதே தவிர வார்த்தை வரவில்லை. கடைசியில் காம்பை அறுத்து, அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

"அம்மா, அப்பறம் வாங்க, வேலையா இருக்கறமுங்க" என்றான் செந்தில், திரும்பாமலே.

"சாமி... அது இதானான்னு பாரு."

முந்தானையை விலக்கினேன். ஒரு காலில் இருந்த கல் மேஜைக் காலில் இடித்து ணங்கென்றது. அந்தத் தம்பி அட்டையைப் பிடித்து நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து சரியா இருக்கு. உள்ள இருக்கறதுதான் சாம்பிள்ல கிடையாது."

கவிதா கத்தியோடு வந்து, பேண்டின் கால் வழியாக அதை விட்டு, துணியில் படாமல் காய்களை உள்ளுக்குள்ளேயே துண்டாக்கி, ஒவ்வொன்றாக உருவினாள். துணி வந்தது. ஆனால் வெயிலில் நீலம் வெளுத்துப் போயிருந்தது. புதுப் பீஸை அருகில் வைத்தால் அது அக்கா, இது தங்கை. ஷேடு சேரவில்லை என்று அந்தத் தம்பி பேனாவை மூடினார். செந்தில் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்போதும் என் கை சும்மா இல்லை. பேண்ட் இடுப்பில் நான் மடித்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது. உள் மடிப்பில், பார்ட்டி சீல் வைத்த அன்றைக்கு இருந்த அதே நீலம்.

"தம்பி, மடிப்புக்குள்ள வெயில் படலீங்க" என்றேன். அந்நிய ஆளிடம் என் வாழ்நாளில் நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஜன்னலோரம் கொண்டுபோய் மடிப்பையும் புதுப் பீஸையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார். அளவெல்லாம் என் பேப்பரிலேயே இருக்கிறது, காய் இழுத்துவிட்ட துணியில் அளக்க வேண்டியதில்லை என்று பேனாவைத் திறந்தார். சரக்கு பாஸ் ஆனது. மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். புடலங்காய்ப் பொரியலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டவர் சும்மா இருந்தாரா? தான் போகிற கம்பெனியிலெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். போன வருஷம் காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தி. முன்பின் தெரியாத ஒருவர் பொரியல் கரண்டியோடு என் இலை முன்னால் நின்று, "ஏனுங்கம்மா, திருப்பூருங்களா? காய்க்குப் பேண்ட் போட்டது நீங்கதானுங்களா?" என்றார். வரிசையே திரும்பியது.

"இல்லீங்க, அது வேற யாரோங்க" என்றேன் தலை நிமிராமல்.

பக்கத்தில் கவிதா சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அவங்க கையைப் பாருங்க, தெரியும்" என்றாள் அவரிடம்.

நானும் பார்த்தேன். வாழையிலையின் ஓரத்தை அது உள்பக்கமாக மடித்து மடித்துக்கொண்டிருந்தது.