ஓடுகிற கட்சியும் ஓடாத கட்சியும்

மொன்றியல், செயின்ட்-மிஷேல்.
சனிக்கிழமை, பின்னேரம்.

மடுமாதாவின் நிழலில் அத்தானோடும் அவருடைய இருமலோடும் நலமாயிருக்கும் என் பாசத்துக்குரிய பிலோமினா அக்கா அவர்களுக்கு, கடல் கடந்த தம்பி வலன்ரைன் கைகூப்பி எழுதிக்கொள்வது. நானும் அக்னெஸும் மகள் மேனுகாவும் சுகம். உங்கள் முழங்காலுக்காக ஞாயிறுதோறும் ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறோம். இங்கே சித்திரை பிறந்தும் பனி கொட்டுகிறது, அதைப் பற்றி வேறொன்றும் எழுதவில்லை.

"அடே, விசா வந்திட்டுது. பிள்ளையின்ர கல்யாணத்துக்கு நாங்கள் ரிக்கற் எடுக்கிறதோ, விடுறதோ? ஒரு சொல்லுச் சொல்லன்!" என்று நீங்கள் அனுப்பிய குரல்செய்தியைக் கேட்டேன். ஒரு சொல்லில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் அக்கா. இது மெய்யியல் விஷயம். அதனால் காகிதம் எடுத்து, கதிரையில் சாய்ந்திருந்து, ஆதியோடந்தமாக எழுதுகிறேன்.

மேனுகா பல்கலைக்கழகத்தில் படிப்பது மெய்யியல் என்று உங்களுக்குத் தெரியும். அவளுடைய ஆராய்ச்சி, காலம் உண்மையில் ஓடுகிறதா, இல்லை ஓடுவதாக நமக்கு ஒரு பிரமையா என்பது. அவள் ஓடவில்லை என்கிறாள். நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரு வீதியிலுள்ள வீடுகள் போல இருந்தபடியே இருக்கின்றனவாம். நாம் ஒரு வீட்டு வாசலில் நிற்பதால் பக்கத்து வீடு இடிந்துபோவதில்லையாம். அவள் கட்டப்போகிற றொக்சனும் அதே வகுப்பில் அதே படிப்புத்தான், ஆனால் எதிர்க்கட்சி. நேற்று என்பது ஒழிந்துபோயிற்று, நாளை பிறக்கவேயில்லை, உள்ளது இந்தக் கணம் ஒன்றுதான் என்பது அவனுடைய கொள்கை. இரண்டும் வகுப்பில் வாதாடி வாதாடித்தான் காதலித்திருக்கின்றன. நானும் அக்னெஸும் கட்டின பிறகுதான் சண்டை பிடிக்கத் தொடங்கினோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் முன்கூட்டியே செய்துவிடுகிறார்கள்.

நிச்சயதார்த்தத்தை மார்ச் மாதத்து ஞாயிறொன்றில் வைத்தோம். அந்த ஞாயிறுதான் இந்த நாட்டில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுகிற ஞாயிறு என்பதை யாரும் யோசிக்கவில்லை. கைத்தொலைபேசி தானாக மாறிவிடும், ஆனால் எங்கள் வீட்டில் நல்ல காரியங்களுக்குச் சமையலறை மணிக்கூடுதான் நீதவான். அதை நான் பொறுப்பாகத் தள்ளி வைத்தேன். நான் மறந்திருப்பேன் என்று நினைத்து அக்னெஸும் இன்னொருமுறை தள்ளி வைத்துவிட்டா. மாப்பிள்ளை வீட்டில் தாய் ஸ்ரெல்லா தள்ளியிருப்பா என்று மகனும், மகன் தள்ளியிருப்பான் என்று தாயும் இருந்துவிட்டார்கள். ஆகவே நாங்கள் ஒரு மணித்தியாலம் முந்திப்போய், பட்டுச்சேலையும் கோட்டும் றோல்ஸ் பலகாரத் தட்டுகளுமாகப் பூட்டிக் கிடந்த மண்டபத்துக்கு வெளியே விறைத்துக்கொண்டு நின்றோம். மண்டபக்காரன் வந்து, விருந்தாளிகள் வந்து, றோல்ஸ் ஆறி, மீண்டும் சூடாக்கி, மீண்டும் ஆறிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணித்தியாலம் பிந்தி, சிரித்த முகத்தோடு வந்து இறங்கினார்கள்.

"என்ன சம்பந்தி, நேரத்தோட வந்திட்டியள் போல?" என்றா ஸ்ரெல்லா.

நான் வாயைத் திறக்க முன்னமே மேனுகா முந்திக்கொண்டாள். "ஆன்ரி, நேரம் எண்டு ஒண்டு ஓடுறதேயில்லை. அதாலை ஆரும் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். சண்டை வராமல் பிள்ளை எவ்வளவு சாமர்த்தியமாகத் தடுத்தாள் என்று நானும் பெருமைப்பட்டேன். அந்தச் சிரிப்போடு மோதிரத்தைப் போட்டுச் சாப்பிட்டிருக்கலாம். மோதிரமும் போட்டாயிற்று. ஆனால் படித்த மாப்பிள்ளையல்லவா, கேக் வெட்டுகிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, "அது பிழை மேனுகா. நாங்கள் பிந்தினதுதான். அந்த நேரம் போயிட்டுது, இனி அது எங்கயும் இல்லை" என்றான்.

"எங்கயும் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப நாங்கள் முதல் சந்திச்ச நாள்?"

"அது இருந்தது. இப்ப இல்லை."

அக்கா, நான் மெய்யியல் படிக்காதவன். ஆனால் ஒரு பெண்பிள்ளையிடம் இந்த விடையைச் சொல்லக்கூடாது என்று பண்டகசாலையில் போர்க்லிப்ற் வண்டி ஓட்டுகிற எனக்கே தெரியும். மேனுகா மோதிரத்தைக் கழற்றினாள். "இல்லாத நாளுக்கு என்னத்துக்கு மோதிரம்?" என்றாள். அவனும் விடவில்லை. "உன்ர கணக்குப்படி எங்கட கல்யாணமும் ஏற்கெனவே எங்கயோ இருக்குத்தானே. பிறகென்னத்துக்கு ஹோலும் சாப்பாடும்?" என்றான். பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று விளங்கவில்லை, ஏனென்றால் பாதியிலிருந்து இருவரும் பிரெஞ்சுக்கு மாறிவிட்டார்கள். கேக்கை யாருமே வெட்டவில்லை.

அடுத்த கிழமை எங்கள் கோயில் பங்கு முழுவதும் இரண்டாகப் பிளந்தது. மேனுகாவுடையது ஓடாத கட்சி, றொக்சனுடையது ஓடுகிற கட்சி. திருப்பலிக்கு எப்போதும் பிந்தி வருகிற குடும்பங்கள் எல்லாம் ஒருவர் மிச்சமில்லாமல் ஓடாத கட்சியில் சேர்ந்தன. பாடகர் குழுவில் ஒரு பகுதி இழுத்துப் பாட, மறு பகுதி முன்னே ஓட, அல்லேலூயா இரண்டு பாட்டாகக் கேட்டது. நான் சமாதானம் தேடிப் பங்குத்தந்தை கிறகரி சுவாமியிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவருக்கு முக்காலமும் ஒரே பார்வையிலை தெரியுது மகன்" என்றார். பாவம், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சுவாமியே மேனுகாவின் கட்சி என்ற கதை பரவி, ஸ்ரெல்லா அடுத்த ஞாயிறு இத்தாலியர்களின் கோயிலுக்குப் போய் விளங்காத பூசை கண்டுவிட்டு வந்தா. துறைமுகப் பக்கம் நான் வேலை செய்கிற பண்டகசாலையில் ஒருநாள் பிந்திப் போனபோது, எங்கள் மேற்பார்வையாளரிடம் மகளுடைய கொள்கையைச் சொல்லிப் பார்த்தேன். அந்த மனிதன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேரம் ஓடாது என்றால் சம்பளமும் ஓடாது, மிஸ்யூ வலன்ரைன்" என்றான்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வரும்வரை. வீட்டில் மேனுகா சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பிப் போவாள். அறைக்கதவுக்குப் பின்னால் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும். "பிள்ளை, ஒரு ரெலிபோன் எடுத்துக் கதையன்" என்றால், "அவருக்குத்தான் நான் இருந்த நாளெல்லாம் இல்லையே அப்பா" என்பாள். காலம் ஓடினால் என்ன, படுத்துக்கிடந்தால் என்ன அக்கா, என் பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஆண்டவர் எனக்கு ஒரு கல்லைத் தந்தார். சிறுநீரகத்தில். வேலையில் நிற்கும்போது விலாவுக்குள் யாரோ கத்தியை விட்டுத் திருகினது போல ஒரு வலி. என்னோடு வேலை செய்கிற மட்டக்களப்புப் பொடியன் அருள்நேசன் என்னைத் தன் காரில் அள்ளிப்போட்டு ஆசுப்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனான். அக்னெஸ் வேலை செய்கிற கார்டறியில், குழந்தைக் காப்பகத்தில், பிள்ளைகளைத் தூங்கவைக்கிற நேரம், தொலைபேசி எடுக்கமாட்டா. அருள்நேசன் என் தொலைபேசியைத் தட்டி, 'மகள்' என்று இருந்த இலக்கத்துக்கும் அடித்தான், அதற்குக் கீழே 'மருமகன்' என்று இருந்த இலக்கத்துக்கும் அடித்துவிட்டான்.

இங்கத்தைய அவசரப் பிரிவு என்றால் என்னவென்று உங்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்! அங்கே காத்திருந்தவர்களிடம் வாக்கெடுப்பு வைத்திருந்தால் எல்லோரும் ஓடாத கட்சிக்குத்தான் போட்டிருப்பார்கள். நேர்ஸ் ஒருத்தி வந்து, "இன்னும் கொஞ்ச நேரம், மிஸ்யூ" என்று சொல்லிப் போவாள். பிறகு அவளுடைய வேலைநேரம் முடிந்து, வேறொருத்தி வந்து அதையே சொல்வாள். ஒரு வாசலால் மேனுகா ஓடிவந்தாள், மறுவாசலால் றொக்சன் ஓடிவந்தான். ஒருவரையொருவர் கண்டு திகைத்து, என் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தார்கள்.

"பொறுங்கோ அப்பா, கொஞ்சத்திலை இது கடந்து போயிடும்" என்றாள் மேனுகா.

வலியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எது கடந்து போகும்? ஒண்டும் கடக்காதெண்டு நீதானே ஹோலிலை நிண்டு சொன்னனீ! உன்ர கணக்குப்படி இந்த வலி எண்டைக்கும் ஒரு வீடு மாதிரி அந்த வீதியிலை நிக்கப்போகுதே! ஐயோ, மாதாவே!"

றொக்சன் மெல்லக் குனிந்து, "அங்கிள், அப்பிடியில்லை. உண்மையிலை இருக்கிறது இந்த இப்ப மட்டும்தான்…" என்று தொடங்கினான்.

"இப்பவோ! இப்ப வலிதானடா இருக்கு! அது மட்டும்தான் இருக்கெண்டால் நான் எங்க போறது?"

எங்களுக்கு முன்னாலிருந்த ஹெயிற்றி நாட்டுப் பெரியவர் ஒருவர், மொழி விளங்காமலே என் பக்கம் தலையாட்டினார். றொக்சன் கதிரையை விட்டிறங்கி என் முன்னால் முழந்தாளிட்டான். அவனுக்குத் தகப்பன் இல்லை அக்கா, சிறு வயதிலேயே போய்விட்டார். என் முழங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இதை நினையாதேங்கோ. யூலை மாதக் கல்யாணத்தை நினையுங்கோ. நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு மேனுகாவின்ர கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள வாறியள். நான் முன்னுக்கு நிக்கிறன். அது இருக்கு அங்கிள்" என்றான்.

"எங்க இருக்கு?" என்று கேட்டாள் மேனுகா.

"எனக்குத் தெரியாது. ஆனா இருக்கு."

"அப்ப முதல் சந்திச்ச நாள்?"

"அதுவும் இருக்கு. லைப்ரரிப் படியிலை, ஒரு சப்பாத்துக்குள்ள தண்ணி போய், நீ ஒத்தைக் காலிலை நிண்டனீ. அது எங்க போறது?"

மேனுகா ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள். மறு கையால் என் முதுகைத் தடவி, "போயிடும் அப்பா, சத்தியமாப் போயிடும், எல்லாம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். நடுவில் நான் துடித்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேருக்கும் அது மறந்தே போயிற்று.

இருவருமாக என்னைத் தாங்கிக்கொண்டுபோய்க் கழிப்பறைக்குள் விட்டார்கள். உள்ளே நடந்ததை மூத்த சகோதரிக்கு எழுதுவது முறையல்ல. ஆனால் அந்தக் கல் வெளியே விழுந்த கணத்தில், "முடிஞ்சுது!" என்று நான் போட்ட கூச்சல் காத்திருப்பு மண்டபம் முழுவதும் கேட்டிருக்கிறது. வெளியே வந்தேன், சனமெல்லாம் கைதட்டியது. ஹெயிற்றிப் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் நேர்ஸ் வந்து, "மிஸ்யூ வலன்ரைன், உங்கள் முறை" என்று கூப்பிட்டாள். மோதிரம் மேனுகாவின் கோட்டுப் பைக்குள்ளேயே இருமல் இனிப்போடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. றொக்சன் அதைத் தன் சேர்ட்டில் துடைத்து அவள் விரலில் போட்டான். நான் குதித்தேன் அக்கா, அந்த வயிற்றோடு குதித்தேன்!

ஆகவே கல்யாணம் யூலையில், நிச்சயமாக. ரிக்கற் எடுங்கள். ஸ்ரெல்லா எங்கள் கோயிலுக்குத் திரும்பிவிட்டா, அல்லேலூயாவும் ஒரே பாட்டாகிவிட்டது. உங்கள் இருவரையும் தூதர்கள் தோளில் சுமந்து விமானத்தில் ஏற்றி, தூக்கம் குழம்பாமல் இங்கே இறக்கிவிடவேண்டுமென்று மன்றாடுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், அயலில் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் என் அன்பு.

என்றும் உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
வலன்ரைன்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரம் குசினிக்குள் சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தேன். என்னுடைய கல் மேனுகாவை முற்றாக மாற்றிவிட்டதாம். "முடிஞ்சுது" என்று அப்பா கத்தின கத்துப் பிரமையாக இருக்கவே முடியாது, காலம் ஓடத்தான் ஓடுகிறது என்று ஆராய்ச்சியைக் கிழித்து முதலிலிருந்து எழுதுகிறாள். அதே கல் றொக்சனையும் மாற்றிவிட்டது. தன் வாயால் சொன்ன லைப்ரரிப் படியை இனிக் கைவிடமாட்டானாம், எல்லாக் காலமும் இருந்தபடியே இருக்கிறதாம். "அந்த நாள் போயிட்டுது றொக்சன்!" என்று இவள் கத்துகிறாள். "போகேல்லை! நான் போகவிட மாட்டன்!" என்று அவன் கத்துகிறான். ஸ்ரெல்லா தொலைபேசியில், தான் இப்போது எந்தக் கட்சி என்று கேட்கிறா. அக்னெஸ் மட்டும் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, "இஞ்சருங்கோப்பா, அக்காவை வரச்சொல்லி எழுதுங்கோ, இதுகள் ஒண்டையொண்டு விடாதுகள்" என்கிறா. அதனால் ரிக்கற்றை எடுங்கோ அக்கா. ஆனால் திகதி மாத்தக்கூடிய ரிக்கற்றாய்ப் பாத்து எடுங்கோ.