நார்ட்பி பள்ளியில் ஓர் இடம்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் ஆர்லன் அவர்களுக்கு, தம்பி டுவைன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

நம்மூர்ப் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர் நீங்கள். உங்கள் தம்பியே மகளை அடுத்த ஊரான நார்ட்பியின் பள்ளிக்கு அனுப்ப மனுப் போட்டதில் உங்களுக்குக் கோபம். எந்த ஊர்ப் பள்ளியிலும் கேட்கலாம், இடம் இருந்தால் சேர்ப்பார்கள், கேட்பவர்கள் அதிகமானால் குலுக்கல் என்று அரசாங்கமே சொல்கிறதே, அண்ணா. பிரிட்டாவுக்குக் கால்நடை மருத்துவராக ஆசை. நம்மூரில் வேதியியலுக்கு ஆளே இல்லை. திரையில் யாரோ பேசுகிறார், படம் நின்றுபோனால் அன்றைய பாடமும் நின்றுபோகிறது.

நார்ட்பி பள்ளிப் பேருந்து நம் ஊர் எல்லைக்குள் வராது, பிள்ளையை நாம்தான் கொண்டுபோய் விடவேண்டும். பனியில் பாதை எப்படி என்று பார்க்கப் போனேன். சரியாக எல்லைப் பலகைக்கு அடியிலேயே வண்டி பள்ளத்தில் இறங்கியது. இழுத்துவிட வந்தது யார் தெரியுமா? நம்ம பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னன்! "என்னப்பா, இந்தப் பக்கம் நமக்குச் சோலி எதுவும் இல்லையே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்தில் என் வீட்டுக்காரி ஜோலீன் சுட்டு வைத்த ஹாட்டிஷ் பாத்திரத்தை ஒருவர்கூடத் தொடவில்லை. கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் மேலே முறுகியபடி அப்படியே வீடு திரும்பின. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாசனை நல்லா இருக்கு ஜோலீன்" என்று சிரித்துக்கொண்டே எல்லாரும் பக்கத்துப் பாத்திரத்துக்குப் போனார்கள். அவள் காரில் அழுதாள்.

அப்போதுதான் நீங்கள் என் தோளைப் பிடித்து, "ஒரு புள்ள போனா அதுக்கு வர்ற பணமும் போயிரும்டா. இப்படியே போனா ஸ்கூலையே இழுத்து மூடிருவாங்க. நம்ம குடும்பத்துலேர்ந்து ஒருத்தராவது இங்க இருக்க வேண்டாமா?" என்றீர்கள். தூக்கமே வரவில்லை, அண்ணா. மனுவைத் திரும்பப் பெறுகிறேன். பிரிட்டாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் ஊர் பெரிது, நீங்கள் அதைவிடப் பெரியவர்.

ஆண்டவர் உங்கள் வீட்டையும் மாடுகளையும் காக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
டுவைன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பிரிட்டாவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். "வாபஸ் வாங்க என்னப்பா இருக்கு? எனக்குக் குலுக்கல்ல விழல. இருந்தது ஒரே ஒரு இடம், அது நம்ம கோடிப் பயலுக்கு விழுந்துருச்சு. வெளிய சொல்லாதேன்னு பெரியப்பா அவன்கிட்டச் சொன்னாராம்" என்றாள். உங்கள் மகனுக்கு என் வாழ்த்துகள், அண்ணா. நம் குடும்பத்திலிருந்து ஒருத்தி இங்கேயே இருப்பாள். வரப்போகும் ஊர்க்கூட்டத்தில் பள்ளியைக் காப்பாற்றுவது பற்றி நீங்கள்தானே பேசுகிறீர்கள்? முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.