கறை படிந்த கிரேக்கம்

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனருக்கு, உங்கள் அத்தான் எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் சுகம். அங்கே உங்கள் ஊழியமும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். நிற்க, நீங்கள் அனுப்பிய கிரேக்கச் சாமான்களால் என் மானம் கப்பலேறிவிட்டது.

பணி ஓய்வுக்குப் பிறகு புதிய ஏற்பாட்டை மூலமொழியில் படிக்கலாமென்று நான் பாட்டுக்கு மாலை வகுப்பில் சேர்ந்தேன். தேர்வில் தேறினால் சனிக்கிழமை வேதபாட வகுப்பை எனக்கே தருவதாக எங்கள் ஆயர் சொன்னார். நானும் சும்மா இராமல் சபை முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். "ஏன் அத்தான் கஷ்டப்படுறீங்க? இதெல்லாம் வச்சுக்கிட்டா தானா வந்துரும்" என்று போனில் சொன்னது நீங்கள்தானே? வந்தது. முதலில் வரிக்கு வரி பொருள் போட்ட வேதாகமம் வந்தது. மேலே கிரேக்கம், கீழே தமிழ். நான் கீழ் வீட்டிலேயே குடியிருந்தேனே தவிர, மாடியில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் போனில் கிரேக்கம் கற்றுத்தரும் அந்தச் செயலி. எதைத் தொட்டாலும் கைதட்டுகிறது. என் கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு கைதட்டல் கிடையாது. கடைசியில் சொல் அட்டைகள். ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் பொருள். அவற்றைக் கரைத்துக் குடித்தேன். உங்கள் அக்கா அட்டையை நீட்டினால் போதும், பட்டென்று சொல்வேன். மூலை கிழிந்தது பாவம், எண்ணெய் பட்டது பரலோகம், காபி சிந்தியது அன்பு. எழுத்தைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்?

தேர்வன்று ஆசிரியர் தன்னுடைய அட்டைக் கட்டைப் பிரித்தார். புத்தம் புதுசு! ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்.

"என்ன ஐயா தேடுறீங்க?"

"கறை" என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். வகுப்பே சிரித்தது.

"துணைக்குப் புத்தகம் வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா உங்க வீட்டுல புத்தகம்தான் படிக்குது, நீங்க அதுக்குத் துணையா உக்காந்திருக்கீங்க" என்றார் ஆசிரியர். நறுக்கென்று தைத்தது. இனி எந்த முகத்தோடு ஆயர் முன்னால் நிற்பேன்? உங்கள் அக்காவோ, "இந்த வயசுல இது தேவையா?" என்று இன்னும் ஓயவில்லை. இவையெல்லாம் பக்கத்தில் இருக்கிறவரை நான் உருப்படப் போவதில்லை. மொத்தத்தையும் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். இனி மூலநூல் உண்டு, நான் உண்டு.

ஆண்டவர் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக. பார்சல் கட்டும் உங்கள் கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வும் தருவாராக.

இப்படிக்கு,
நொந்துபோன அத்தான்

பி.கு.: பார்சலைப் பிரித்துவிட்டேன். ஆசிரியர் இரக்கப்பட்டு, மறுதேர்வுக்கு என் அட்டைகளையே கொண்டுவரச் சொல்லிவிட்டார். பழைய ஏற்பாட்டுக்கு எபிரெய அட்டைகளும் உண்டாமே? ஒரு கட்டு உடனே அனுப்புங்கள். காபி இங்கே இருக்கிறது.