எட்டுப் பேர் மேசையும் பெருச்சாளி வாசலும்

ஒரு காட்டில், காடென்றால் சிங்கம் புலி உலவுகிற காடென்று நினைத்துவிடாதீர்கள், டவுன் பஸ் வந்து திரும்புகிற காடுதான், அனந்தப்பன் என்றொரு பெருச்சாளி பெண்டாட்டி பிள்ளைகளோடு வளையில் குடியிருந்தது. வளை வாசலில் ஒரு பெருச்சாளிதான் நுழையலாம். வெளியே ஒரு காட்டுப்பூனை வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தது. தினமும் தலையை விட்டுப் பார்க்கும், காது இடிக்கும், போய்விடும். அனந்தப்பன் வம்சம் பிழைத்துக் கிடந்தது அந்தக் குறுகலால்தான்.

நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஒரு மச்சான் வேண்டாமா!

மச்சான் குற்றாலிங்கம் பட்டணத்துச் சாக்கடையில் வசதியாக வாழ்கிற பெருச்சாளி. போன தடவை வந்தபோது தரையில் இலை போட்டதைப் பார்த்துவிட்டு, "முட்டி மடங்க மாட்டேங்குது மாப்ள. முயல் வீட்லகூட மேசை கிடக்கு" என்று சொல்லி, நின்றுகொண்டே சாப்பிட்டுப் போனது. நின்றுகொண்டே! அன்றைக்குப் போனதுதான் அனந்தப்பன் தூக்கம். பொங்கலுக்கு மச்சான் மறுபடி வருகிறது. அதற்குள் முயல் வீட்டு மேசையைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு மேசை வாங்கியாக வேண்டும், இல்லையென்றால் மானம் கப்பலேறிவிடும்.

பின்பக்கச் சின்னப் பொந்து வழியாக நழுவிப் போன அனந்தப்பனை மரச்சாமான் கடையில் குரங்கு கும்பிட்டு வரவேற்றது. "எத்தனை பேருக்கு அண்ணாச்சி?"

"முயல் எத்தனை பேருக்கு வாங்குச்சு?"

"நாலு."

"அப்ப எட்டு."

வீட்டில் ஆள் அதில் பாதிதான் தேறும். அதைக் கேட்க குரங்குக்கென்ன பைத்தியமா? வட்டமான ஒன்றைக் காட்டியது. நடுவில் ஒரே ஒரு தடித்த கால், மேலே முகம் தெரிகிற பளபளப்பு. "நாலு காலெல்லாம் போன தலைமுறை அண்ணாச்சி. இதான் இப்ப மாடல். யாரு முட்டியும் இடிக்காது."

மச்சானின் மடங்காத முட்டிக்கு ஒரு வழி பிறந்ததென்று அனந்தப்பன் பூரித்துப் போனது. "வளைக்குள்ள நுழையுமா?"

"கால் தனியாக் கழண்டுரும். மேல் பலகை மட்டும் ஒரே பீஸு. வாசலை லேசா அகலப்படுத்திக்கங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

விஷயம் தெரிந்ததும் பெண்டாட்டி செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டது. "ஏங்க, கிறுக்கா பிடிச்சிருக்கு? வாசல் சிறுசா இருக்கப் போய்த்தானே உசுரோட இருக்கோம்! வெளிய பூனை உக்காந்திருக்கே, கண்ணு தெரியலையா?"

"பூனை இன்னைக்கா புதுசா உக்காந்திருக்கு? உங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவன் கிடக்கான் சாக்கடைப் பய. என் பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

அனந்தப்பன் உள்ளே நின்றபடியே வாசலைத் தோண்ட ஆரம்பித்தது. பூனை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, கொஞ்சமும் அவசரப்படவில்லை. நடுவில் ஒருமுறை, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இடிக்கும்போலத் தெரியுது" என்று யோசனைகூடச் சொன்னது. அனந்தப்பன் நன்றி சொல்லி அந்தப் பக்கத்தையும் தோண்டியது.

மேசை வந்துவிட்டது. பூனை வழிவிட்டு ஒதுங்கி நின்றது, பொங்கல் வரட்டும் என்று பொறுத்துக்கொண்டது. குடும்பம் சுவரோடு ஒட்டி ஊர்ந்தது. அதன்மேல் சாப்பிட்டார்களா என்கிறீர்களா? நல்லா கேட்டீர்கள்! மேசைமேல் பிளாஸ்டிக் உறை, உறைமேல் போர்வை, போர்வைமேல் மடிக்காத துணி. சாப்பாடு பழையபடி தரையில். "மச்சான் பாக்குறதுக்கு முன்ன எவனாவது கறை பண்ணினா தோலை உரிச்சிருவேன்" என்று அனந்தப்பன் உறுமியது. செண்பகவல்லி பிள்ளைகளைப் பின்பக்கப் பொந்தருகே படுக்க வைத்தது. அந்தப் பொந்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடவில்லை.

பொங்கலன்று மேசையைத் துடைத்து நாற்காலிகளைப் போட்டு அனந்தப்பன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மச்சான் வரவில்லை, பஸ் கிடைக்கவில்லையாம். பூனை வந்தது. காது இடிக்காமல், நிமிர்ந்த தலையோடு வந்தது.

செண்பகவல்லி பிள்ளைகளைப் பொந்துக்குள் தள்ளித் தானும் பாய்ந்தது. அனந்தப்பனும் பாதி உடம்பை நுழைத்துவிட்டது. "வாங்க, சீக்கிரம் வாங்க!" என்று பெண்டாட்டி உள்ளேயிருந்து கதறுகிறது. அப்போது பூனை மேசைமேல் ஏறி நகத்தை ஊன்றிய சத்தம் கேட்டது.

அனந்தப்பன் திரும்பி வந்தது. "ஐயா, நகம் படாமப் பாத்துக்கங்க. மச்சான் இன்னும் பாக்கலை."

பூனை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மரியாதையாக மேசையில் வைத்தே சாப்பிட்டுவிட்டுப் போனது.

மறுநாள் காடே திரண்டு துக்கம் விசாரிக்கத் துட்டி வீட்டுக்கு வந்தது. முயல் கண்ணைத் துடைத்தபடி மேசையை ஒரு சுற்று சுற்றியது, விரலால் தட்டிப் பார்த்தது, குனிந்து அந்த ஒற்றைக் காலைத் தடவியது. "இதுலயே பத்துப் பேருக்கு இருக்குமா தங்கச்சி?"

செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேசையை விடுங்கய்யா! வாசலைப் பாருங்க! அந்த வாசலைப் பாருங்க!"

அத்தனை பேரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றது முயல். "அகலமா இருந்தாத்தான் லட்சணமா இருக்கு."

நீதி: துட்டி வீட்டில் போய் பத்துப் பேருக்கு மேசை இருக்குமா என்று விசாரிப்பது பண்பல்ல, ஆள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவும்.