தராசுக்கு வந்த பாடு

முடிவெடுப்பதை ஒரு முழுநேரத் தொழிலாகவே செய்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள் பெயர் தராசு. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் வேறு ஏதோ லட்சணமான பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பழவேற்காட்டில் ஒன்பதாவதும் பத்தாவதும் நாங்கள் ஒரே பெஞ்ச். என் அப்பாவுக்குத் தபால் ஆபீஸ் வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தோம். தராசு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அவள் நைனா ஏரியில் வலை கட்டுபவர், அம்மா நண்டு விற்பவர். எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் இவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டிக்கொள்வாள். வலது கையில் ஒரு யோசனை, இடது கையில் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு கைகளை மேலும் கீழும் ஆட்டுவாள். எந்தக் கை இறங்குகிறதோ அந்த யோசனை ஜெயித்தது. கடைசிவரை எந்தக் கையும் இறங்காது, அதுதான் பிரச்சினை.

ஒரு சாயங்காலம் பஜார் பஜ்ஜிக் கடையில் வாழைக்காயா வெங்காயமா என்று கையை நீட்டினாள். கடைக்காரர் கடைசி ஈடு எடுத்தார், அடுப்பை அணைத்தார், எண்ணெயை வடிகட்டினார், ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"யம்மா, நாளைக்கு வந்து சொல்லும்மா. நானும் எங்கியும் போவப் போறதில்ல" என்றார்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் நிஜமாகவே போய் நின்று, "வெங்காயம்ணா" என்றாள். அவர் இட்லி விற்றுக்கொண்டிருந்தார்.

பொன்னேரிக்கு பஸ் ஏறினால் ஜன்னலோரமா இந்தப் பக்கமா என்று இன்னொரு வழக்கு நடக்கும். "நீ குந்துடீ. நான் நின்னுக்கினே யோசிக்கிறேன்" என்பாள். ஊரே வந்துவிடும். நான் ஜன்னலோரத்தில் பையை வைத்து அவளுக்காக இடம் பிடித்தபடி, பக்கத்து ஸீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பேன்.

அரைப் பரீட்சைத் தமிழ்த் தாளில்தான் அவள் உச்சத்தைத் தொட்டாள். 'அல்லது' என்று போட்டு இரண்டு கட்டுரைத் தலைப்பு கொடுத்திருந்தார்கள். தராசு இரண்டையும் எழுதினாள். அடியில் ஒரு குறிப்பு: "ஐயா, இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளவும்." தமிழ் ஐயா அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, நன்றாக இருந்ததற்கு முழு மார்க் போட்டார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது.

ஓர் அறக்கட்டளை நடத்திய தேர்வை நாங்கள் இருவருமே எழுதியிருந்தோம். பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளி. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்குப் பதிலாக இரண்டு வருஷ இன்டர்நேஷனல் டிப்ளமா. சாப்பாட்டிலிருந்து சோப்பு வரைக்கும் அவர்களே. இருந்தது ஒரே இடம். தராசு முதலில் வந்திருந்தாள், நான் இரண்டாவது. அவள் வேண்டாம் என்றால் எனக்கு. இதைப் பதற்றமில்லாமல் எழுத எனக்குப் பல வருஷம் பிடித்திருக்கிறது.

வருகிறாயா இல்லையா என்று சனிக்கிழமை ஐந்து மணிக்குள் ஈமெயில் அனுப்ப வேண்டும். பஜ்ஜிக்கே ஒரு ராத்திரி தேவைப்பட்டவளுக்கு ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள்.

குப்பத்தில் முதல் குழப்பம் 'டிப்ளமா' என்ற சொல்லில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் டிப்ளமா என்றால் பாலிடெக்னிக். வேறு பொருள் கிடையாது.

"மெக்கானிக்கலா, சிவிலா?" என்றார் வெல்டிங் வேலை செய்யும் சித்தப்பா.

"ஆறு சப்ஜெக்ட்டும் படிக்கணும் சித்தப்பா."

"ஆறுமா? அப்பால எதுலதான் வேலை?"

நைனாவுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். "டிப்ளமான்னா காட்டுப்பள்ளிப் போர்ட்டுல வேலைக்குத்தானே? அந்தப் போர்ட்டு வோணாம்னு போராட்டப் பந்தல்ல குந்துனவன் நானு. எம் பொண்ணே போயி நிக்கிறதா?" என்று எழுந்துவிட்டார்.

தலைமை ஆசிரியரே குப்பத்துக்கு வர வேண்டியதாயிற்று. "அது வேற டிப்ளமாங்க. இது ப்ளஸ் டூ மாதிரி."

"ப்ளஸ் டூ மாதிரின்னா, ப்ளஸ் டூவே படிக்கலாமே சார்?"

தலைமை ஆசிரியர் டீயைக் குடித்தார். பிறகு மெல்ல விளக்கினார். நாலாயிரம் வார்த்தையில் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். நமக்குத் தெரிந்தது நமக்கு எப்படித் தெரியும் என்று தனியாக ஒரு பாடமே உண்டு. வாராவாரம் ஊருக்கு ஏதாவது சேவை செய்ய வேண்டும்.

"வூட்டுல செய்யற சேவைக்கும் மார்க்கு உண்டா சார்?" என்றாள் அம்மா, நண்டுக் கூடையைத் தூக்கியபடி.

எல்லாம் கேட்டுவிட்டு நைனா சொன்னார்: "எனக்கு ஒண்ணும் புரியல கண்ணு. நீயே பாத்துக்கோ." அம்மாவும் அதையே சொன்னாள். தலைமை ஆசிரியரும் அதையே இலக்கணமாகச் சொன்னார். தராசை இதைவிட மோசமாக யாரும் தண்டித்திருக்க முடியாது.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நடக்கும்போதும் உள்ளங்கைகள் ஆடிக்கொண்டேயிருந்தன. குப்பத்துக் குழந்தைகள் பின்னாலேயே ஆடிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். நைனா இல்லை. "இன்னிக்கு அவுருக்குப் பாடு" என்றாள் அம்மா. இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். பாவம், மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

தராசு ஒரு நோட்டை நீட்டினாள். நடுவில் கோடு. ஒரு பக்கம் 'போ', மறுபக்கம் 'இரு'. 'போ'வில் லைப்ரரி, இங்கிலீஷ், தனிக் கட்டில். 'இரு'வில் அம்மாவின் முழங்கால், நண்டுக் குழம்பு, அதற்குக் கீழே என் பெயர்.

"நான் எதுக்குடீ இதுல?"

"நான் இருந்தா நீ போவலாமில்ல? நீ எவ்ளோ ஆசப்பட்டே. எனக்குத் தெரியாதா?" கைகளை விரித்தாள். இடது கையில் நான். "நீயே சொல்லு. நீ இன்னா சொல்றியோ அதான்."

இரு என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வாரமாக அந்தத் தனிக் கட்டிலில் மனசுக்குள் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆனால் அவள் தூக்கிக் கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா? அவள் இருந்தால் நான் போவேன், அவள் போனால் நான் இருப்பேன். எப்படிப் பார்த்தாலும் இனி ஒரே பெஞ்ச் கிடையாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அது உன் பாடு! என்னை ஏன் இழுக்கறே?" என்று கத்தினேன்.

அவள் கைகள் அப்படியே நின்றன. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்தாள், செருப்பை மாட்டினாள், பஜார் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். 'வருகிறேன்' என்று பதில் போனபோது மணி நான்கைக்கூடத் தொடவில்லை. தராசின் சரித்திரத்தில் கெடுவுக்கு முன்னால் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். கிளம்பிய நாள் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அல்லாரும் பாத்துக்கோ பாத்துக்கோன்னாங்க. நீ ஒருத்திதான்டீ என் பாடுன்னு சொன்னே."

நான் விழித்தேன். அவளே விளக்கினாள். ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட எல்லாருக்கும் ஆசை. அதனால் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு.

"பாடு வந்தா வலைய எடுத்துனு போயிக்கினே இருக்கணும். யோசிக்கக் கூடாது. மத்தவங்க வழி வுடணும். நீ வுட்டல்ல?"

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், ஏறியவுடனே.

நான் ப்ளஸ் ஒன்னுக்குப் பொன்னேரிக்குப் போய்வந்தேன். கூட்டமில்லாத நாளில் ஜன்னலோரத்தில் பையை வைத்துவிட்டுப் பக்கத்து ஸீட்டில்தான் உட்காருவேன். அவள் அந்த நாலாயிரம் வார்த்தைக் கட்டுரையைப் பாடு முறையைப் பற்றியே எழுதினாள். முதல் பக்கத்தில், வழி விட்டவளுக்கு என்று எனக்கு நன்றி. இப்போது தூர தேசத்தில் இருக்கிறாள். எப்போதாவது பேசும்போது, சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்கவே அரை மணி நேரம் ஆகிறது என்கிறாள்.

அன்றைக்கு நான் வழியொன்றும் விடவில்லை. எக்கேடும் கெட்டுப் போ என்ற அர்த்தத்தில்தான் கத்தினேன். இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்து, ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றியிருக்கிறேன்.

இப்போது எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. கோபம் வந்தால் 'உன் பாடு' என்று அவர்கள் குப்பத்திலும்தான் சொல்வார்கள். அவளுக்கு இரண்டு அர்த்தமும் தெரியாமலா இருந்திருக்கும்? அந்தக் கொஞ்ச நேரத்தில் இரண்டையும் இரண்டு கையிலும் வைத்துப் பார்த்திருக்கிறாள். எது நன்றாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு, எனக்கு முழு மார்க் போட்டுவிட்டாள்.

அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.